நொண்டும் காலைப் பார்த்தீர்கள், மற்ற மூன்றை?

கேள்வி:

டாக்டர் ஐயாவுக்கு வணக்கம். உடுமலைப்பேட்டைக்குப் பக்கத்தில் எங்களுக்கு நாலு ஏக்கர் தென்னந்தோப்பும் இரண்டு கறவை மாடும் இருக்கின்றன. போன மாதம் ஊட்டிக்குப் போயிருந்தபோது, தெருவில் விடப்பட்ட குதிரைகளை மீட்டு வைத்திருக்கும் காப்பகம் ஒன்றைப் பார்த்தோம். அங்கே செம்பழுப்பு நிறத்தில் ஒரு பெட்டைக் குதிரை. பதினொரு வயதாம். சுற்றுலா வருபவர்களை ஏற்றிக்கொண்டிருந்ததாம். மூன்று வருடத்துக்கு முன்னால் முன்னங்கால் நரம்பு அறுந்து, இனிச் சம்பாதிக்காது என்று தெருவில் விட்டுவிட்டார்கள். இடது முன்னங்காலின் பின்பக்கம் வில் மாதிரிப் புடைத்திருக்கிறது. இரண்டு முட்டியிலும் தழும்பு. மெதுவாக நடக்கும்போது நொண்டல் தெரியவில்லை. எங்கள் பத்து வயது மகள் அதை விட்டு வரமாட்டேன் என்று அழுதாள். தத்துக் கொடுக்கத் தயார் என்கிறார்கள். மாமனார் போட்டோவைப் பார்த்துவிட்டு, "சுழி சரியில்லை, அடிபட்ட குதிரை வீட்டுக்கு ஆகாது" என்கிறார். கணவர் "உன் இஷ்டம்" என்கிறார். வாங்கலாமா? மகள் ஏறலாமா? மாடுகளோடு கட்டலாமா? மாட்டுத் தீவனமே போதுமா?

(கடிதத்தின் கீழே பென்சிலில், குழந்தைக் கையெழுத்தில்: "டாக்டர் அங்கிள், குதிரை படுத்துத் தூங்குமா, நின்னுக்கிட்டே தூங்குமா?")

ஒரு வாசகி, உடுமலை வட்டம்

பதில்:

வணக்கம் அம்மா. மாமனாரிடமிருந்தே தொடங்குகிறேன். அவரைத் தாண்டி அந்த வீட்டுக்குள் எதுவும் வராது என்று உங்கள் கடிதத்தைப் படித்தாலே தெரிகிறது.

சுழி பார்ப்பது நம் பக்கத்தில் பழைய வழக்கம். அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழாச் சந்தைக்குப் பலமுறை போயிருக்கிறேன். நெற்றியில் ஒரு சுழி, கழுத்தில் ஒரு சுழி என்று விரல் வைத்து எண்ணி, அதற்காக விலையை ஏற்றி இறக்குவதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். அதே ஆட்கள் குளம்பைத் தூக்கிப் பார்க்காமல் பணத்தை எண்ணிக் கொடுப்பதையும் பார்த்திருக்கிறேன். சுழி என்பது மயிர் வளரும் திசை. அதனால் குதிரைக்குக் காய்ச்சலும் வராது, குடும்பத்துக்குக் கஷ்டமும் வராது. ஆனால் அவர் சொன்னதில் இரண்டாவது பாதி, "அடிபட்ட குதிரை" என்பது, யோசிக்க வேண்டிய பேச்சு. அதை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மகள் ஏறிப் பழகுவதற்கு என்றால் இந்தக் குதிரை வேண்டாம். எந்த வேலையும் செய்யாமல், எந்த வரவும் இல்லாமல், இன்னும் பதினைந்து வருடம் தோப்பில் நிற்கப்போகிற ஒரு ஜீவனை வைத்துக் காப்பாற்றலாம் என்றால், அந்த இடது கால் ஒரு தடையே இல்லை. தடை இருந்தால் அது வேறு இடத்தில் இருக்கும். நீங்கள் எழுதியதில் முக்கால்வாசி அந்த இடது காலைப் பற்றித்தான். மற்ற மூன்று கால்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

ஊரில் நரம்பு என்று சொல்வது உண்மையில் தசைநாண். குதிரையின் முட்டிக்குக் கீழே சதை கிடையாது. எலும்பு, தசைநாண், தோல், அவ்வளவுதான். உடம்பு எடையில் அறுபது சதவீதம் முன்னங்கால்களில் இறங்குகிறது. சரிவான மலைச்சாலையில், முதுகில் எண்பது கிலோ ஆளை வைத்துக்கொண்டு, நாளைக்கு இருபது தடவை ஏறி இறங்கினால், பின்பக்கம் ஓடும் அந்த நாண் என்றாவது ஒருநாள் கிழியும். தசைநாணுக்கு ரத்த ஓட்டம் குறைவு என்பதால் ஆறுவதற்கு ஒன்பது மாதம், ஒரு வருடம் பிடிக்கும். ஆறினாலும் பழைய நூலால் நெய்த துணி போல ஆறாது, ஒட்டுப் போட்டதுபோல் ஆறும். ஒட்டுப் போட்ட இடம் தடிப்பாக இருக்கும், இழுவை குறைந்திருக்கும். அதனால்தான் அந்த வில் போன்ற புடைப்பு. அது அழகுக்குக் குறையே தவிர, வெறும் நடைக்கும் மேய்ச்சலுக்கும் பெரும்பாலும் தொந்தரவு தருவதில்லை. வேகமாக ஓடும்போது ஒட்டுக்கும் நல்ல நாணுக்கும் இடையிலுள்ள ஓரத்தில் மறுபடி கிழியும். ஏறுவதற்கு வேண்டாம் என்று நான் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

மூன்று வருடக் காயம் ஆறிவிட்டதா என்று நீங்களே ஓரளவு பார்க்கலாம். அடுத்த முறை போகும்போது புடைப்பின் மேல் புறங்கையை வையுங்கள், பிறகு வலது காலில் அதே இடத்தில் வையுங்கள். இரண்டும் ஒரே சூடாக இருக்கவேண்டும். பிறகு காப்பகத்து ஆளைக் காலை மடக்கித் தூக்கச் சொல்லி, புடைப்பைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து மேலிருந்து கீழே மெதுவாக அழுத்திக்கொண்டே வாருங்கள். குளிர்ந்து, கெட்டியாக, கயிறு போல இருந்து, குதிரை கண்டுகொள்ளாமல் நின்றால் அது பழைய கதை. கொழகொழப்பாக, சூடாக, அழுத்தினால் காலை உருவிக்கொண்டால் கதை இன்னும் முடியவில்லை என்று பொருள். மேலும் உறுதி வேண்டுமானால் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் பார்க்கலாம். அதற்கு வசதியுள்ள கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் கேளுங்கள். வேப்பேரியும் நாமக்கல்லும் பெரிய விலங்குகளைப் பார்த்துப் பழகிய இடங்கள்.

இனி மற்ற மூன்று கால்கள். வேலையில் சேர்ந்த புதிதில் நான் செய்த ஒரு தவறைச் சொன்னால்தான் இது புரியும். ஒருவர் தன் பிள்ளைக்காக வாங்கவிருந்த குதிரை. வலது பின்னங்காலில் பழைய முறிவு. நான் அந்தக் காலை ஒரு மணி நேரம் பார்த்தேன். வளைத்தேன், நீட்டினேன், ஓடவிட்டுப் பார்த்தேன். காலில் குறையே இல்லை என்று எழுதிக் கொடுத்தேன். நான்கு மாதத்தில் குதிரை எழுந்து நிற்க முடியாமல் போயிற்று. முறிந்த கால் கடைசி வரை நன்றாகத்தான் இருந்தது. அந்தக் காலுக்குப் பதிலாக மாதக்கணக்கில் பாரம் சுமந்த இடது பின்னங்காலின் குளம்பு உள்ளே பிரிந்துகொண்டிருந்தது. அந்தக் குளம்பை நான் தூக்கிக்கூடப் பார்க்கவில்லை.

குளம்புச் சுவரையும் உள்ளே இருக்கும் எலும்பையும் ஒட்டிவைக்கும் மெல்லிய மடிப்புகள் அழன்று பிரிவதை லேமினைட்டிஸ் என்கிறோம். ஒரு கால் வலித்து, குதிரை நாள் கணக்கில் எதிர்க்காலில் சாய்ந்தே நின்றால், அந்த நல்ல காலில் இது வரும். 2006இல் கென்டக்கி டெர்பி என்ற அமெரிக்கக் குதிரைப் பந்தயத்தை வென்ற பார்பரோ என்ற குதிரைக்கு, இரண்டு வாரத்தில் நடந்த அடுத்த பெரிய பந்தயத்தில் பின்னங்கால் நொறுங்கியது. உலகத்தின் தலைசிறந்த அறுவை மருத்துவர்கள் அந்த எலும்பைச் சேர்த்து வைத்தார்கள். எட்டு மாதம் போராடினார்கள். 2007 ஜனவரியில் அதைக் கருணைக்கொலை செய்யவேண்டி வந்ததற்கு முக்கியக் காரணம் மற்ற கால்களில் வந்த லேமினைட்டிஸ். பணமும் மருத்துவமும் குறைவில்லாத இடத்திலேயே இதுதான் நிலைமை என்றால், நம் தோப்பில் இதை வருமுன் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.

ஆகவே வலது முன்னங்குளம்பைப் பாருங்கள். இரண்டு முன்னங்குளம்புகளையும் எதிரில் உட்கார்ந்து ஒப்பிட்டால் குழந்தைக்குக்கூடத் தெரியும். குறைவாகப் பாரம் தாங்கும் குளம்பு ஒடுங்கி நிமிர்ந்திருக்கும். அதிகம் தாங்குவது அகன்று தட்டையாகும். சிறிய வித்தியாசம் எல்லாக் குதிரைக்கும் உண்டு. ஒன்று டம்ளர் போலவும் மற்றது கிண்ணம் போலவும் இருந்தால் அந்தக் குதிரை மூன்று வருடமாக வலது காலில்தான் வாழ்ந்திருக்கிறது. குளம்புச் சுவரில் வளையங்கள் இருக்கும். அவை முன்னாலிருந்து பின்னால் வரை ஒரே இடைவெளியில் ஓடினால் கவலையில்லை. முன்னால் நெருங்கியும் குதிகால் பக்கம் விரிந்தும் போனால், முன்பு லேமினைட்டிஸ் வந்து போயிருக்கிறது என்று குளம்பே எழுதிவைத்திருக்கிறது. குளம்பு மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவாகத்தான் வளரும். அதனால் ஏறக்குறைய போன ஒரு வருடத்துச் சரித்திரம் அந்தச் சுவரில் இருக்கும்.

மெதுவாக நடக்கும்போது நொண்டல் தெரியவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். மெதுவாக நடந்தால் தெரியாது. கெட்டியான, சமமான தரையில், கயிற்றைத் தளர்த்திப் பிடித்து, துள்ளுநடையில் கொஞ்ச தூரம் ஓட்டச் சொல்லுங்கள். தலையை மட்டும் கவனியுங்கள். வலிக்கும் முன்னங்கால் தரையில் பதியும்போது தலை மேலே ஏறும், நல்ல கால் பதியும்போது இறங்கும். தலை ஆடாமல் ஓடினால் நல்லது. கயிற்றைத் தாடைக்குக் கீழே இறுக்கிப் பிடித்து ஓட்டினால் எந்தக் குதிரையும் தலையாட்டாது. அப்படிப் பிடித்தால் தளர்த்தச் சொல்லுங்கள்.

இன்னொன்று, பார்க்கும் நாளுக்கு முந்தைய ஒரு வாரத்தில் ஏதாவது வலிமருந்து போட்டார்களா என்று கேளுங்கள். காப்பகத்துக்காரர்கள் பொய் சொல்வார்கள் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் பியூட்டசோன் என்ற வலிமருந்தைக் கொடுத்து நிற்கவைத்தால் நொண்டிக் குதிரைக்கும் நாலும் நல்ல காலாகத் தெரியும் என்பது சந்தைத் தரகர் எல்லாருக்கும் தெரிந்த வித்தை. தினமும் வலிமருந்தில்தான் நடக்கிறது என்றால் அது வேறு குதிரை. அந்த மருந்துகள் மாதக்கணக்கில் போனால் வயிற்றில் புண், சிறுநீரகக் கோளாறு என்று போகும். (இதைச் சொல்லும்போது இன்னொன்றும் சொல்லவேண்டும். மாட்டுக்கு வாங்கிவைத்த மிச்சம் என்று டைக்ளோஃபினாக் யாராவது நீட்டினால் வாங்காதீர்கள். பாறு கழுகுகள் செத்தொழிந்ததால் 2006இல் கால்நடைகளுக்கு அது தடை செய்யப்பட்டது. 2023இல் கீட்டோபுரோஃபெனுக்கும் அசிக்ளோஃபினாக்குக்கும் தடை வந்தது. மாயாறு பள்ளத்தாக்கில் மிச்சமிருக்கும் கழுகுகள் நம் பக்கத்து வீட்டுக்காரர்கள். மெலாக்சிகாம் இருக்கிறது, அளவை மருத்துவர் சொல்லட்டும்.)

கால் தேறிவிட்டால் அடுத்தது தோப்பு. தென்னந்தோப்பில் குதிரை என்றால் நிழலுக்கு அருமை. ஆனால் மரத்தைச் சுற்றி வட்டப் பாத்தி, சொட்டுநீர்க் குழாய், மட்டை, தேங்காய் என்று அந்த ஒட்டுப் போட்ட நாண் தடுக்கி விழ ஆயிரம் இடம் இருக்கிறது. அரை ஏக்கரையாவது மண்ணள்ளிச் சமன் செய்து, காய்ப்பில்லாத ஓரமாகப் பார்த்துத் தனியே வேலியடையுங்கள். முள்கம்பி கூடவே கூடாது. மாடு முள்கம்பியைக் கண்டால் நிற்கும், குதிரை மிரண்டால் எதையும் பார்க்காமல் பாயும். கம்பி காலைச் சுற்றிச் சதை வரை அறுத்த கேஸ்கள் எத்தனை என்று கணக்கு வைக்கவில்லை. மூங்கில் அல்லது சவுக்குக் கட்டை போதும். வேலியோரம் அரளி இருந்தால் வேரோடு பிடுங்குங்கள், காய்ந்த இலையும் கிடக்கக்கூடாது. ஒரு கைப்பிடி அரளி இலை குதிரையின் இதயத்தை நிறுத்திவிடும். ஆமணக்கும் அப்படியே.

கொட்டகைத் தரை சிமெண்ட் என்றால் மாட்டுக்கு விற்கும் ரப்பர் விரிப்பைப் போட்டு, மேலே அரையடி மரத்தூளோ காய்ந்த தென்னை நார்க்கழிவோ பரப்புங்கள். உங்கள் ஊரில் நார்க்கழிவுக்கா பஞ்சம்? ஈரம் பட்டதை அன்றாடம் அள்ளிவிட வேண்டும். ஈரத்தில் நின்றால் குளம்பின் அடியில் இருக்கும் ரப்பர் போன்ற முக்கோணச் சதை அழுகி நாறும்.

தீவனம் பற்றிய கேள்விக்குத்தான் அதிக நேரம் செலவழிக்கப்போகிறேன். பழைய காயத்தால் இந்தக் குதிரை சாகாது, மாட்டுத் தீவனத்தால் சாகலாம்.

உடுமலை, பல்லடம் பக்கம் கோழிப்பண்ணை இல்லாத ஊர் குறைவு. கோழித் தீவனத்திலும், சில மாட்டுத் தீவனங்களிலும் மொனென்சின், சலினோமைசின் போன்ற மருந்துகள் கலந்திருக்கும். கோழிக்கும் மாட்டுக்கும் ஒன்றும் செய்யாத அளவு, குதிரையின் இதயத் தசையை அழித்துவிடும். அதற்கு மாற்று மருந்து இல்லை. ஆகவே மாட்டுத் தொட்டியும் குதிரைத் தொட்டியும் வேறு வேறு, மூட்டை வைக்கும் அறையும் வேறு. மாட்டுக்கு உண்ணி போக அமிட்ராஸ் கலந்து தெளிப்பீர்கள் அல்லவா? அதுவும் குதிரைக்கு ஆகாது, குடல் அசைவு நின்று சாணம் கட்டிவிடும். மாட்டுக்குத் தெளித்த கையோடு அதே வாளியில் குதிரையைத் துடைக்க வேலையாள் போவார். அவரிடம் முதல் நாளே சொல்லிவையுங்கள்.

குதிரைக்கு வாந்தியெடுக்க வராது. வயிறும் சின்னது, பத்துப் பதினைந்து லிட்டருக்கு மேல் கொள்ளாது. எனவே கொஞ்சம் கொஞ்சமாக நாள் முழுக்கத் தின்றுகொண்டே இருக்கும் பிராணி அது. நீங்கள் சொல்லும் குதிரை முந்நூற்று இருபது, முந்நூற்று ஐம்பது கிலோ இருக்கலாம். காய்ந்த கணக்கில் அதற்கு நாளைக்கு ஆறு ஏழு கிலோ புல் வேண்டும். பச்சையாகக் கொடுத்தால் இருபத்தைந்து முப்பது கிலோ. அருகம்புல் நல்லது. கூடவே குதிரைமசால். பெயரிலேயே குதிரையை வைத்துக்கொண்டு இன்று அது முழுக்க மாட்டுக்குப் போகிறது. உங்கள் மாடுகளுக்கு கோ-4 போன்ற கம்பு நேப்பியர் ஒட்டுப்புல் போட்டிருப்பீர்கள். அதை மட்டுமே குதிரைக்குப் போடாதீர்கள். அதில் ஆக்சலேட் இருக்கிறது, சுண்ணாம்புச் சத்தைக் கட்டிவைத்துக்கொள்ளும். மாட்டு வயிற்றில் இருக்கும் கிருமிகள் ஆக்சலேட்டைச் சமாளித்துவிடும், குதிரைக்கு அந்த வசதி இல்லை. மேலே கோதுமைத் தவிட்டையும் அள்ளிப் போட்டால் பாஸ்பரஸ் ஏறி, உடம்பு எலும்பிலிருந்தே சுண்ணாம்பை உருவ ஆரம்பிக்கும். மாதங்கள் போனால் முக எலும்பு வீங்கும், எல்லாக் காலும் வலிக்கும். பார்ப்பவர்கள் "பழைய நொண்டி திரும்பிவிட்டது" என்பார்கள். காலைப் பிடித்துக்கொண்டு உட்காருவோம், கோளாறு தொட்டியில் இருக்கும். குதிரைமசாலில் சுண்ணாம்பு நிறைய. ஆகவே நேப்பியர் கொஞ்சம், அருகு கொஞ்சம், மசால் கொஞ்சம் என்று கலந்து போடுங்கள். இளம் பச்சைச் சோளப் பயிரைத் தொடவேண்டாம், முற்றிக் காய்ந்த சோளத்தட்டு பரவாயில்லை. வைக்கோலை வயிற்றை நிரப்பக் கொடுக்காதீர்கள்.

கொள்ளு? "இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு" என்று நம்மவர்கள் சும்மா சொல்லவில்லை. சவாரி போகாத குதிரைக்கு வேகவைத்த கொள்ளு ஒரு கைப்பிடி, ஆசைக்கு. மாமனார் பழைய காலத்துக் கணக்கில் படி படியாக அளந்து போட்டால் லேமினைட்டிஸ் வாசலில் வந்து நிற்கும். பொங்கல், பழைய சாதம், கல்யாண வீட்டு மிச்சம் எதுவும் வேண்டாம். ஒரு கல்லுப்புக் கட்டி எப்போதும் தொங்கட்டும். ஊட்டிக் குளிரில் வாழ்ந்த குதிரை உடுமலை வெயிலுக்கு வருகிறது, வேர்வையோடு உப்பு போகும். தண்ணீர் நாளைக்கு நாற்பது ஐம்பது லிட்டர் குடிக்கும். சித்திரையில் கொண்டுவராதீர்கள். ஆடிக் காற்று ஓய்ந்து, ஐப்பசி மழை விட்டு, கார்த்திகை கடைசியில் இறக்கினால் அதற்கும் பழகிக்கொள்ள மூன்று மாதம் கிடைக்கும்.

ஊட்டித் தெருவில் விட்ட குதிரைகள் குப்பைத் தொட்டியில் மேய்ந்தவை. பிளாஸ்டிக் வயிற்றுக்குள் போயிருக்கலாம். முன்பு வயிற்றுவலி வந்து புரண்டதா, எத்தனை தடவை என்று காப்பகத்துப் பதிவேட்டில் பாருங்கள். கால் எக்ஸ்ரேயை விட எனக்கு அந்தப் பக்கம் முக்கியம்.

காகிதங்களைப் பற்றிச் சுருக்கமாக. கிளாண்டர்ஸ் நோய்க்கு ரத்தப் பரிசோதனை ஆகியிருக்கவேண்டும். அது மனிதருக்கும் தொற்றும், உறுதியானால் சட்டப்படி குதிரையைக் கொல்லவேண்டும். கால்நடைத் துறை மூலம் மாதிரி எடுத்தனுப்பி, ஹரியானா ஹிசாரில் உள்ள தேசியக் குதிரையின ஆராய்ச்சி மையத்தின் முடிவு கையில் வந்தபிறகு வண்டியேற்றுங்கள். அதோடு குதிரைத் தொற்று ரத்தசோகை, ரத்த ஒட்டுண்ணி நோயான சர்ரா இரண்டையும் பார்க்கச் சொல்லலாம். தனுர்வாத ஊசி கட்டாயம். வீட்டு விலங்குகளில் தனுர்வாதத்துக்கு இவ்வளவு எளிதில் விழுவது வேறில்லை. வெறிநாய்க்கடித் தடுப்பூசியும் போடுங்கள். இன்னொன்று, அந்தக் குதிரை வதை வழக்கில் பிடிபட்டதா என்று கேளுங்கள். அப்படியானால் வழக்கு முடியும்வரை அது வழக்குச் சொத்து, விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின் 2017ஆம் ஆண்டு விதிகளின்படி பராமரிப்புக்காக மட்டுமே காப்பகத்தில் இருக்கும். உங்களுக்குத் தத்துக் கொடுக்க அவர்களுக்கு உரிமை இருக்கிறதா என்பதற்கு உத்தரவு நகல் வேண்டும். மகள் பெயர் வைத்துப் பழகிய பிறகு பழைய உரிமையாளர் நீதிமன்றத்திலிருந்து தாளோடு வந்து நிற்கக்கூடாது. தத்துப் பத்திரத்தில் விற்கமாட்டேன், வாடகைக்கு விடமாட்டேன், குட்டி போடவைக்கமாட்டேன் என்று எழுதி வாங்குவார்கள். முடியாமல் போனால் திருப்பி எடுத்துக்கொள்வோம் என்று அவர்களும் எழுதித் தரட்டும்.

மாடுகளோடு கட்டலாமா என்றால், கட்டலாம், தொட்டி வேறாக. தனியாக நிற்பதைவிட மாடு தேவலை. குதிரை கூட்டத்தில் பிறந்த பிராணி. தனியாக விட்டால் கட்டையைக் கடிக்கும், தலையை ஆட்டிக்கொண்டே இருக்கும். பந்தயக் குதிரை லாயங்களில் துணைக்கு ஆடு கட்டிவைப்பது உண்டு. ஒரு வெள்ளாடு வாங்கி விடுங்கள், செலவும் குறைவு.

செலவு என்றதும் கணவர் காதைத் தீட்டியிருப்பார். என் கணக்கில் ஒரு கறவை மாட்டுக்கு ஆவதில் ஒன்றரைப் பங்கு, பால் வரவு இல்லாமல். அதற்கு மேல் ஆறிலிருந்து எட்டு வாரத்துக்கு ஒருமுறை குளம்பு செதுக்க ஆள். இந்தக் குதிரைக்கு லாடம் தேவையில்லை, செதுக்கினால் போதும். ஆனால் செதுக்கத் தெரிந்தவரைக் கோயம்புத்தூரிலிருந்து வரவழைக்கவேண்டி இருக்கும். அவரைப் பேசி உறுதி செய்யாமல் குதிரையைக் கூட்டிவராதீர்கள். குளம்பு நீண்டால் குதிகால் தாழும், தாழ்ந்தால் அந்தப் பழைய நாண்தான் இழுபடும். வருடத்துக்கு ஒருமுறை பல் ராவ வேண்டும். குதிரை இருபத்தைந்து, முப்பது வயது வரை இருக்கும். உங்கள் மகள் கல்லூரி முடித்து வேலைக்குப் போன பிறகும் அதற்குப் புல் போடப்போவது நீங்கள்தான், அம்மா. கடைசி நாளைப் பற்றியும் இப்போதே கணவன் மனைவி இருவரும் பேசிவையுங்கள். வலி மருந்துக்குக் கட்டுப்படாமல் போனால் ஊசி போட்டு நிம்மதியாக அனுப்ப மனம் வருமா, அதைப் புதைக்கத் தோப்பில் கிணற்றுக்குத் தூரமாக ஜேசிபி போகும்படி இடம் இருக்கிறதா என்று. இதையெல்லாம் கேட்பதற்கே சங்கடம்தான். அன்று ராத்திரி பதினொரு மணிக்கு யோசிப்பது இதைவிடச் சங்கடம்.

மகள் ஏறலாமா என்று கேட்டீர்கள். முதல் ஆறு மாதம் முதுகில் ஒரு துண்டுகூடப் போடாதீர்கள். பத்து வயதுப் பிள்ளை முப்பது கிலோ இருப்பாள், அந்தக் குதிரைக்கு அது பாரமே இல்லை. பிரச்சினை எடையில் இல்லை. மலைச்சாலையில் அடிவாங்கிப் பழகியது முதுகில் ஆள் ஏறியதும் என்ன நினைக்கும் என்று யாருக்கும் தெரியாது, மிரண்டால் ஓடும், ஓடினால் நாண் கிழியும், முட்டி மடங்கும், பிள்ளை முன்னால் விழுவாள். ஆறு மாதம் கழித்து, மருத்துவர் பார்த்து, பெரியவர் ஒருவர் கயிற்றைப் பிடித்து நடத்த, தோப்பை ஒரு சுற்று என்றால் நான் மறுக்கமாட்டேன். அதுவரை தேய்த்துவிடட்டும், குளம்பைச் சுத்தம் செய்யட்டும், கயிறு பிடித்து நடக்கட்டும். பிள்ளைகளுக்கு அதிலேயே பாதி ஆசை தீர்ந்துவிடும்.

கடைசியாக அவளுடைய பென்சில் கேள்வி. மகளே, குதிரை நின்றுகொண்டே தூங்கும். காலைப் பூட்டிக்கொண்டு நிற்க அதற்கு ஓர் அமைப்பு இருக்கிறது. ஆனால் ஆழ்ந்த தூக்கம், கனவு வருகிற தூக்கம், அதற்குப் படுத்தால்தான் வரும். நாளைக்கு அரை மணி, ஒரு மணி நேரம் போதும். கால் வலிக்கிற குதிரை எழுந்திருக்க முடியாதே என்று பயந்து படுக்காது. நாள் கணக்கில் படுக்காவிட்டால் நின்றபடியே கண் சொருகி, முன்னால் மடங்கி, முட்டியிலோ கணுக்காலிலோ தேய்ந்து எழும். உன் அம்மா எழுதியிருக்கும் முட்டித் தழும்பு மலைச்சாலையில் விழுந்ததாலும் வந்திருக்கலாம், இதனாலும் வந்திருக்கலாம். அந்தக் குதிரையின் கால் இப்போதும் வலிக்கிறதா என்று தெரிந்துகொள்ள இந்த இதழில் வந்த கேள்விகளிலேயே உன்னுடையதுதான் நல்ல கேள்வி. காப்பகத்துக்கு ஒரு போன் போடு. ஒரு வாரம், தினமும் விடிந்ததும், தேய்த்துவிடுவதற்கு முன்னால், அதன் விலாவிலும் தொடையிலும் வைக்கோலோ சாணமோ ஒட்டியிருக்கிறதா என்று பார்த்து எழுதிவைக்கச் சொல். முட்டியில் புதுச் சிராய்ப்பு இருக்கிறதா என்றும் கேள். ஏழு நாள் கணக்கையும் எனக்கு அனுப்பு.